ரியோ உடன்படிக்கை முதல் கோவில் தோட்டம் வரை: பல்லுயிர்த் தகவல் பகிர்வு குறித்த கேள்வி பதில்

தாவர மாதிரிகளையும் அவற்றின் பதிவேடுகளையும் ஒழுங்குபடுத்தும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நாடுகளுக்கிடையே உயிரினங்களைப் பற்றிய தகவல் எவ்வாறு பகிரப்படுகிறது என்று மொரீசியசிலிருந்தும் அண்டைத் தீவான ரெயூனியனிலிருந்தும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் ஆசிரியை: நாடுகள் இத்தகவலைப் பகிர்வது நல்லெண்ணத்தினாலா, சட்டக் கடமையினாலா?

கடமைதான். 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர் உடன்படிக்கைக்கு உலகிலேயே முதலில் ஏற்புறுதி அளித்த நாடு மொரீசியசு என்பதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். அதன் 17ஆவது பிரிவு தகவல் பரிமாற்றத்தைப் பற்றியது. அப்பிரிவின் இறுதியில், இயன்ற இடங்களில் தகவலை அது புறப்பட்ட நாட்டுக்கே திருப்பியளிப்பதும் பரிமாற்றத்தில் அடங்கும் என்று ஒரு சிறு வாக்கியம் இருக்கிறது. என் பார்வையில், நம்மைப் போன்ற தீவுகளுக்கு அந்த உடன்படிக்கையிலேயே மிக முக்கியமான வரி அதுதான்.

காரணம் எளியது. காகிதப்பூச் செடிக்குத் தம் கப்பல் தலைவரின் பெயரைச் சூட்டிய பிலிபேர் கோமர்சோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இத்தீவில் செடிகளைச் சேகரித்து, 1773இல் இங்கேயே இறந்தார். அவர் சேகரித்தவையோ பாரிசுக்குச் சென்றன. இத்தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் மண்டையோடு ஒன்று கோபன்ஹேகனில் இருக்கிறது, தலையும் காலும் ஆக்சுபோர்டில் இருக்கின்றன. இவை அனைத்தும் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாதிரியின் படமும், அதன் சீட்டில் எழுதப்பட்ட இடமும் நாளும் திரும்பி வரலாம், வந்துகொண்டும் இருக்கின்றன. பாரிசு அருங்காட்சியகத்தின் பழைய தாவரத் தாள்களை இன்று போர்ட் லூயியில் அமர்ந்தபடியே திரையில் பார்க்க முடிகிறது.

கத்ர் போர்னிலிருந்து ஒரு மாணவர்: ஜிபிஐஎஃப் என்பது என்ன? ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி எழுதிவைத்த தகவல் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகிறது?

ஜிபிஐஎஃப் என்பது 2001இல் நிறுவப்பட்ட உலகப் பல்லுயிர்த் தகவல் வலையமைப்பு. அதன் செயலகம் கோபன்ஹேகனில் உள்ளது; மேலே சொன்ன டோடோ மண்டையோடும் அதே நகரில் இருப்பது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது எப்போதும் நினைவுக்கு வரும். தகவலின் உரிமை அதைத் திரட்டிய நிறுவனத்திடமே இருக்கும். வலையமைப்பு அதைத் தேடக்கூடிய வகையில் தொகுத்துத் தருகிறது. அவ்வாறு தொகுக்கப்பட்ட பதிவுகள் 200 கோடியைத் தாண்டிவிட்டன.

பொருந்துவதற்கு வழி செய்வது டார்வின் கோர் என்னும் பொதுத் தரம். எந்த உயிரினம், எங்கே, எந்த நாளில், யாரால் காணப்பட்டது என்பவற்றை எல்லோரும் ஒரே தலைப்புகளின் கீழ் எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பெயர் ஒன்றே எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு, தமிழில் குருக்கத்தி என்றும் மாதவி என்றும் புலவர்கள் போற்றிய கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கொடி இங்கே 'லியான் செர்' என்ற பெயரில் காட்டு மரங்களின் மீது ஏறி அவற்றை மூடி அழுத்துகிறது. ரெயூனியனில் அதற்கு 'லியான் பாப்பியோன்' என்று பெயர். உலகின் மிக மோசமான ஊடுருவும் உயிரினங்கள் 100 அடங்கிய பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. மூன்று ஊரார் மூன்று பெயர்களில் எழுதினால் கணினிக்கு அவை மூன்று செடிகள். ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ் என்ற அறிவியல் பெயரில் ஒன்றுசேர்த்தால்தான், தாயகமான இந்தியாவில் அக்கொடியைக் கட்டுக்குள் வைத்திருப்பது பூச்சியா, நோயா, வறட்சியா என்று இங்குள்ளவர் தேடத் தொடங்கவே முடியும்.

ஷமரேலிலிருந்து ஒருவர்: அரிய பல்லியின் இருப்பிடத்தை உலகுக்கே அறிவித்தால் கடத்தல்காரனுக்கு வழிகாட்டுவது ஆகாதா?

ஆகும். உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. நம் பச்சைப் பகற்பல்லிகளை வளர்ப்பதற்காக விலை கொடுத்து வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர். அதனால்தான் அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. எனவே அரிய உயிரினங்களின் ஆயத்தொலைவுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, வெளியிடும்போது பல கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கித் தருவதே முறை. துல்லியமான இடம் காப்பாளர்களிடம் மட்டும் இருக்கும். ஆனால் இதைச் சாக்காகக் கொண்டு சாதாரணப் புல்லின் இடத்தைக்கூட மறைத்துவைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

த்ரியோலேயிலிருந்து ஒரு தாயார்: என் மகள் சென்னைக் கல்லூரி ஒன்றுடன் சேர்ந்து கோவில் தோட்டச் செடிகளை ஒப்பிட்டு ஆராய விரும்புகிறாள். அங்கிருந்து இலைகளைக் கொண்டுவரலாமா?

அம்மா, தகவலும் பொருளும் வெவ்வேறு. படங்களையும் பட்டியல்களையும் மின்னஞ்சலில் பரிமாறிக்கொள்வது எளிது. இலையைப் பெட்டியில் எடுத்துவருவது அப்படியன்று. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் அங்குள்ள உயிர்வளத்தை ஆராய்ச்சிக்காகப் பெறுவதற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நம் பாட்டனார் கப்பலேறியது கடலூரிலிருந்து என்பது இங்கே செல்லாது. நல்வாய்ப்பாக அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருப்பதால், கல்லூரியின் வழியாகவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இங்கே நுழையும்போது தாவரத் தனிமைக்காப்பு விதிகளும் உண்டு.

இவற்றின் பின்னணியில், 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இருக்கிறது: ஒரு நாட்டின் மரபுவளத்தைப் பயன்படுத்துவோர் அதன் இசைவைப் பெற்று, பயனிலும் பங்கு தர வேண்டும். மரபணு வரிசையைக் கணினியில் படித்தே பயன்பெறுவோர் என்ன தர வேண்டும் என்பதில் நாடுகள் நெடுங்காலம் வாதிட்டன. அதற்கென 2025இல் தொடங்கப்பட்ட, கொலம்பியாவின் காலி நகரப் பெயரைக் கொண்ட நிதியத்துக்கு நிறுவனங்கள் செலுத்துவது கட்டாயமன்று என்பதால், நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ரெயூனியனின் சென் தெனியிலிருந்து ஒரு வாசகர்: நம் இரு தீவுகளும் சேர்ந்து ஏதேனும் செய்ததுண்டா?

உண்டு. மொரீசியசு, ரெயூனியன், ரோட்ரிக்சு ஆகிய மூன்று தீவுகளின் செடிகளையும் ஒரே நூல்வரிசையில் விவரிக்கும் மாஸ்கரீன் தாவரநூல் 1976 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. இங்குள்ள கரும்பு ஆய்வு நிறுவனம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று, இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து மேற்கொண்ட பணி அது. உங்கள் தீவின் இன்றைய பதிவுகள் பிரான்சின் தேசிய அமைப்பின் வழியாக உலக வலையமைப்பைச் சென்றடைகின்றன. அதில் எங்களைவிட நீங்கள் முன்னே இருக்கிறீர்கள்.

போ பாசேனிலிருந்து ஒருவர்: இந்தப் பகிர்வினால் ஓர் உயிராவது பிழைத்ததா?

ரோட்ரிக்சின் 'கஃபே மரோன்' என்னும் செடி பிழைத்தது. அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட அச்செடியின் கிளையை 1980இல் ஒரு பள்ளி மாணவன் தன் ஆசிரியரிடம் கொண்டுவந்தான். காட்டில் எஞ்சியிருந்தது அந்த ஒரே செடி. அதன் துண்டுகள் 1986இல் கியூவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. வேர்பிடித்துப் பூத்தாலும் காய்க்கவில்லை. 2003இல்தான் அங்கே விதை கிடைத்தது. பின்னர் விதைகள் ரோட்ரிக்சுக்குத் திரும்பின. நூற்றாண்டுக்கு முன் யாரோ அச்செடியை முறையாக விவரித்துப் பெயரிட்டிருக்காவிட்டால், அந்த மாணவன் கொண்டுவந்தது என்னவென்று அன்று அறிந்திருக்க முடியாது.

பாம்ப்லமூசிலிருந்து ஓர் இல்லத்தரசி: என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

கண்ட உயிரினங்களைப் பதிவிடுவதற்கான ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம், நாள், இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிவிடுங்கள். பெயரைப் பிறர் பார்த்து உறுதிசெய்த பதிவுகள் ஜிபிஐஎஃப்புக்குச் செல்லும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. கோவிலில் நட்டு வளர்த்த வில்வத்தையும் வேம்பையும் 'வளர்க்கப்பட்டது' என்று குறித்துவிடுங்கள். இல்லையேல் நாளை ஓர் ஆய்வாளர் அவை காட்டில் தாமாக முளைத்தவை என்று எழுதிவிடுவார். மேலும் பதிவின் உரிமம் என்னும் பகுதியில் 'அனைத்து உரிமைகளும் எனக்கே' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பதிவு அந்தச் செயலியோடு நின்றுவிடும். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இசைவு தரும் உரிமத்தைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.