காலைப் பார்க்கும் முன் மணியின் சிறுநீர்ப்பையைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு நான்கு வயது. தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் வண்டி மோதி முதுகில் அடிபட்டது. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். நாள் முழுக்கச் சிறுநீர் சொட்டுகிறது, இடுப்பில் புண் வந்துவிட்டது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: முடியும். பசியெடுத்துச் சாப்பிடுகிற நாயை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது மணியின் காலைவிட அந்தச் சொட்டுதான். சொட்டுவதால் சிறுநீர் போய்விடுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பை நிரம்பி வழிவதுதான் அப்படி வரும். உள்ளே தேங்குவதில் கிருமி வளர்ந்து சிறுநீரகம் வரை ஏறிவிடும். நடக்க முடியாத பல நாய்களின் உயிர் இதில்தான் போகிறது.

அதனால் தினமும் மூன்று நான்கு முறை நீங்களே கையால் அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து ஒருவர் தூக்கிப் பிடிக்கட்டும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்தால் நீர் நிரம்பிய பலூன் போல ஒன்று தட்டுப்படும். அதை வால் பக்கமாக மெதுவாக, சீராக அழுத்துங்கள். வெடுக்கென்று அமுக்கக் கூடாது. முதல் தடவை கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்க, உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். எழுதிப் புரியவைப்பதைவிட கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். சிறுநீர் நாறினாலோ, கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலோ, பை கெட்டியாக இருந்தும் வரவே இல்லையென்றாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

புண்ணுக்குக் காரணம் தரை. பழைய மெத்தைமேல் ரெக்சின் விரித்து, அதன்மேல் பருத்தித் துணி போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், பகலிலும் வலை போடுங்கள். புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றவே வேண்டாம். அப்புறம், நாம் வலிக்குச் சாப்பிடும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், நாய்க்குக் குடலும் சிறுநீரகமும் கெடும்.

கால் திரும்புமா? விரலைக் கிள்ளினால் காலை இழுப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது வெறும் அனிச்சையாக இருக்கலாம். கிள்ளும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, கத்துகிறானா? அப்படியென்றால் நம்பிக்கை உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஒருமுறை காட்டலாம். வலியே தெரியவில்லை என்றால், அடிபட்டு இரண்டு மாதம் ஆன பிறகு நடப்பது கடினம். அப்போதும் பிவிசி குழாயில் செய்த சக்கர வண்டி இருந்தால் தெருவைச் சுற்றி வருவான். முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று: அடிபடாமல், தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரெனப் பின்னங்கால் விழுந்து, எச்சில் வடிந்து, குரல் மாறினால் வெறிநோயாக இருக்கலாம். வாயில் கை வைக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஊசியைப் பற்றி, மணி சாப்பாட்டை ஒதுக்கி, வலியில் முனகி, புண் ஆறாத நாள் வந்தால் பேசலாம். இப்போதைக்கு நாளையே மருத்துவரிடம் போய், இடுப்புப் புண்ணைக் காட்டி, சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்.