சத்துணவை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது என்பதே என் பதில். காரைக்குடிக்கு அருகே அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வருமானச் சான்று பார்த்துச் சோறு போடத் தொடங்கினால், அதிகப் பசியோடு வரும் பிள்ளைதான் கூச்சப்பட்டு வரிசையிலிருந்து முதலில் விலகும்.

ஊருக்குச் சோறு போடுவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. சாந்திக் கல்யாணம் எனப்படும் அறுபதாம் கல்யாணம், பேரன் பிறந்தநாள் என்று யாராவது ஓர் ஆச்சி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாயசத்தோடு விருந்து போடுவது இன்றும் நடக்கிறது. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் கொடுப்பவரின் வசதியையும் மனத்தையும் நம்பி ஒரு குழந்தையின் அன்றாடச் சாப்பாட்டை விட்டுவிட முடியாது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. சாப்பாடு ஒன்றுக்கு அரசு 6 காசு தர, மீதி 4 காசை ஊர்க்காரர்கள் திரட்ட வேண்டியிருந்ததால், கை கொடுக்க ஆள் இல்லாத ஊர்களுக்கு அது பெரும் சுமை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம்தான் அந்தச் சுமையை அரசின் தோளுக்கு மாற்றியது. முதலில் சிற்றூர்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு என்றிருந்தது, 1984இல் 15 வயது வரை விரிந்தது.

காலையில் வருகைப்பதிவு முடிந்ததும், அன்று சாப்பிடப் போகிறவர்களின் எண்ணிக்கை சத்துணவு அமைப்பாளரிடம் போய்விடும். தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கில் அளந்து, இருப்புப் பதிவேட்டில் எழுதிய பிறகே உலையில் போடுவார்கள். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. சோறு குழைந்ததா, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு கவளத்தில் தெரிந்துவிடும். காய்கறிக்கான தொகை தலைக்கு இவ்வளவு என்று முன்பே முடிவாகியிருப்பதால், தக்காளி விலை ஏறும் மாதங்களில் சாம்பார் நீர்த்துப்போவதையும் கண்டிருக்கிறேன். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், ஒரே அமைப்பாளர் இரண்டு மையங்களுக்கு ஓடுவதும் உண்டு. இத்திட்டத்தில் குறை சொல்லவேண்டிய இடங்கள் இவைதாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு முட்டை சாப்பிடுவது அன்று.

முட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, இப்போது பள்ளி நாள்தோறும் ஒன்று என்று ஆகியிருக்கிறது; முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். கடைவீதியில் நல்ல வியாபாரம் உள்ள வீட்டுப் பையன் ஒருவன் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவருவான். மிளகு முட்டை போடும் நாளில் மட்டும் மாவடுவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, டப்பா மூடியை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பான். அவனும் நின்றதால்தான் அந்த வரிசை ஏழைகளின் வரிசையாகத் தோன்றவில்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, உதவி பெறும் பள்ளிகள் அதில் இல்லை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் குடும்பங்கள் தொடங்கி நடத்தும் பள்ளிகள் நிறைந்த எங்கள் பகுதியில், அது சின்ன விஷயமாக இருக்கவில்லை. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கிச்சடி கிடைக்க, அடுத்த தெருப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வெறும் வயிற்றோடு பிரார்த்தனைக்கு நின்றது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும்தான் அது கிடைத்தது.

விடியற்காலையில் சித்தாள் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் கிளம்பிவிடும் தாய்மார், பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதென்று தாமதமாகக் கிளம்புவதில்லை. ஆனால் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. யாருக்குக் கொடுக்காமல் நிறுத்தலாம் என்று யோசிப்பதைவிட, அதை எட்டாம் வகுப்பு வரை எப்படிக் கொண்டுபோகலாம் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.