23 வருடம் வீணா?

கேள்வி: கிளெண்டா ஜாக்சன் இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஆங்கில நடிகை. அவ்வளவு பெரிய பெயரை விட்டுவிட்டு 23 வருடம் எம்.பி. பதவியில் வீணாக்கினார். அரசியலில் ஒன்றும் பெயராததால் 80 வயதில் மேடைக்கே திரும்பி, கூட்டம் சேர்க்க ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக ஆண் வேடம் போட்டார் என்று சொன்னால் சரியா?

பதில்: சரியில்லை. ஒன்றுகூடச் சரியில்லை.

முதலில் அந்தப் பெண்மணி எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கொத்தனாரின் மகள், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். 16 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது, பூட்ஸ் மருந்துக்கடையில் இரண்டு வருடம் வேலை, அப்புறம்தான் உதவித்தொகையில் லண்டன் நாடகப் பள்ளி. தொழிற்கட்சியும் அதன் நியாயங்களும் அவர் வளர்ந்த வீட்டிலேயே இருந்தவை. 1992-ல் ஹாம்ஸ்டெட் - ஹைகேட் தொகுதியில் நின்றபோது அவர் சொன்ன காரணமும் நேரானது: பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் தொடங்கிவைத்த கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியை இறக்க, சட்டம் அனுமதிக்கும் எதையும் செய்வேன். ஜெயித்தார். நடிப்பை அன்றோடு நிறுத்தினார். ஓய்வு நேரத்தில் ஒரு படம், விடுமுறையில் ஒரு நாடகம் என்று இரண்டு படகில் கால் வைக்கவில்லை. எம்.பி. வேலையை வேலையாகப் பார்த்த மனிதருக்கு "வீணாக்கினார்" என்ற பட்டம் கொடுப்பது எனக்கு வலிக்கிறது.

ஒன்றும் பெயரவில்லை என்கிறீர்கள். 1997 முதல் 1999 வரை போக்குவரத்துத் துறையில் துணை அமைச்சர். லண்டன் மேயர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்றார், கிடைக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் இராக் போர் வந்தபோது சொந்தக் கட்சிப் பிரதமரை எதிர்த்து வாக்களித்தார், பிளேர் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகவும் சொன்னார். அப்புறம் அமைச்சர் பதவி எங்கே கிடைக்கும்? 2010 தேர்தலில் வெறும் 42 வாக்கில் தப்பினார். 2015-ல் தோற்று வெளியேறவில்லை, தானாகவே ஒதுங்கினார், அப்போது வயது 78.

2013 ஏப்ரல் 10-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாட்சர் இறந்த மறுவாரமே அல்ல, இரண்டே நாளில், அஞ்சலிக்காகவே கூட்டிய நாடாளுமன்றம். எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் எழுந்து, கடை வாசல்கள் ராத்திரியில் வீடில்லாதவர்களின் படுக்கையறையாக மாறியதையும், பள்ளி நூலகங்களில் புத்தகங்கள் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கிடந்ததையும், சுவர்ப் பூச்சு விழாமல் பிள்ளைகள் வரைந்த படங்கள் தாங்கிப் பிடித்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிர்வரிசை கூச்சல் போட்டது, ஒரு உறுப்பினர் ஆட்சேபம் எழுப்பினார், அவைத்தலைவரோ விதி மீறல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். இறந்தவரைப் பற்றி அந்த இடத்தில் அப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேசலாம் என்பதுதான் என் கட்சி. புகழ்மாலைக்காகக் கூடிய சபையில் அந்த ஆட்சியில் அடிபட்டவர்களின் பேச்சை யாராவது ஒருவர் எடுக்கத்தான் வேண்டும்.

இப்போது லியருக்கு வருகிறேன். பதவியை விட்ட அதே வருடம் பிபிசி வானொலியில் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் கதைகளை நாடகமாக்கியபோது 104 வயதுப் பாட்டியாகக் குரல் கொடுத்தார், 2016-ல் லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கில் டெபோரா வார்னர் இயக்கத்தில் லியர். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகம், முழுக்க முழுக்க அவர் தோளில். ஆண் வேடம் ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதிலைத்தான் நீங்கள் படிக்கத் தவறிவிட்டீர்கள். எம்.பி.யாக முதியோர் இல்லங்களுக்கும் பகல்நேர மையங்களுக்கும் போய்வந்தபோது, வயதாக ஆக ஆண் - பெண் என்ற கோடு மங்கிப்போவதைக் கவனித்ததாகச் சொன்னார். நீங்கள் வித்தை என்று சொல்வது, தொகுதிக்குள் சுற்றியபோது ஒரு நடிகையின் கண்ணில் பட்டதன் பலன். நாடகக் கம்பெனியிலேயே அந்த 23 வருடத்தையும் கழித்திருந்தால் அத்தனை முதியவர்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு ஏது வாய்ப்பு?

இதே மனிதர்தான் 1971-ல் முதலாம் எலிசபெத் ராணியாக நடிக்க முன்தலையை மழித்துக்கொண்டு, இளவரசியிலிருந்து கிழவி வரை ஒரே தொடரில் காட்டி இரண்டு எம்மி தொலைக்காட்சி விருது வாங்கினார். ஆஸ்கர் இரண்டையும் வாங்க விழாவுக்கே போகாதவர் கூட்டம் சேர்க்க வித்தை செய்தார் என்று எப்படித்தான் எழுத மனம் வந்ததோ! திரும்பி வந்தபிறகு 2018-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நடித்து டோனி நாடக விருது, 2019-ல் மறதி நோய் முற்றிய மூதாட்டியாக ஒரு தொலைக்காட்சிப் படம், அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. 2023 ஜூனில் 87 வயதில் இறந்தபோது நடிகர் மைக்கேல் கெயினோடு நடித்த கடைசிப் படம் திரைக்கு வரக் காத்திருந்தது.

அந்த ஏப்ரல் 10 பேச்சு இணையத்தில் காட்சியாகவே கிடைக்கிறது. பாருங்கள், பார்த்துவிட்டு 'வீண்' என்ற சொல்லை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள். போடுகிறேன்.