போன் சொல்லும் மழையும் முற்றத்தில் பெய்யும் மழையும்
மாரிகாலக் கேள்வி – பதில்

மாரிகால வானிலை பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: போனில ஒரு செயலி நாளைக்கு 80 வீதம் மழை எண்டுது. மற்றது 30 வீதம் எண்டுது. இரண்டிலயும் ஒரே ஊரைத்தான் குடுத்திருக்கிறன். எதை நம்புறது?
– உருத்திரபுரம் வாசகர்

பதில்: இரண்டு செயலியும் உருத்திரபுரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் கணினி மாதிரிகளின் விடையைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. ஐரோப்பிய மாதிரியின் ஒரு பெட்டி ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலம். அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியின் விடை பெரும்பாலும் 25 கிலோமீற்றர் சொச்சம் அகலமான பெட்டிகளாகத்தான் செயலிகளுக்கு வந்து சேர்கிறது. அதற்குள் உருத்திரபுரமும் கிளிநொச்சி நகரமும் பரந்தனும் ஒன்றுதான். பரந்தன் சந்தியில் ஊற்றிக்கொண்டிருக்கக் கரடிப்போக்கில் தூசி பறப்பது நமக்குப் புதிதல்ல. மாதிரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே முதலில் செயலி எந்த மாதிரியைக் காட்டுகிறது என்று பாருங்கள். விண்டி (Windy) போன்ற செயலிகளில் மாதிரியை மாற்றிப் பார்க்கலாம். அடுத்தது நேரம். இந்தக் கணக்குகள் எங்கள் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 நிலவரங்களை அடிப்படையாக வைத்துத் தொடங்குகின்றன. ஐரோப்பிய மாதிரியின் விடை வெளிவர ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். விடியற்காலையில் தேநீரோடு நீங்கள் பார்ப்பது நேற்று மாலை நிலவரத்தில் போட்ட கணக்கு. புதியது வேண்டுமானால் மதியம் கழித்துப் பாருங்கள்.

ஒரு தடவை பார்த்து முடிவெடுப்பதுதான் பெரிய பிழை. ஒரே மாதிரியை இரண்டு நாளில் நான்கு தடவை பாருங்கள். ‘வியாழன் இரவு மழை’ என்பது நான்கிலும் அசையாமல் நின்றால் நம்பலாம். ஒரு தடவை வியாழன், மறு தடவை சனி, பிறகு ஒன்றுமில்லை என்று ஆடினால், அந்த ஆட்டத்தையே விடையாக எடுங்கள்: இன்னும் தெரியாது.

80 வீதம் என்பது மழையின் அளவல்ல. இப்படியான பத்து நாட்களில் எட்டு நாள் உங்கள் இடம் நனையும், அவ்வளவுதான். 2 மில்லிமீற்றர் தூறலுக்கும் 80 வீதம் வரும், 150 மில்லிமீற்றர் கொட்டுக்கும் 80 வீதம் வரும். வீதத்துக்குப் பக்கத்தில் மி.மீ. கணக்கும் இல்லாத செயலியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: தாழமுக்கம் வருகுது எண்டு கூரைக்கு மண்மூட்டை ஏத்தி, வள்ளத்தை இழுத்துக் கட்டி வச்சா, வெயில் எறிக்குது. பேசாமல் இருந்த நேரம் வெள்ளம் வருகுது. இவ்வளவு விஞ்ஞானம் இருந்தும் ஏன் இப்பிடி?
– முள்ளியவளை வாசகர்

பதில்: அண்மைய மூன்று புயல்களைப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு ‘புரவி’ திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. பயந்த அளவுக்குக் காற்று அடிக்கவில்லை. ஆனால் அது வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய் நகராமல் நின்றுகொண்டதால் மழை விடவில்லை. 2024 நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் கிழக்குக் கரையோரம் ஒரு ஆழ்ந்த தாழமுக்கம் நாட்கணக்கில் ஊர்ந்தது. அது 27ஆம் திகதியே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆகவில்லை. அது 29ஆம் திகதிதான் ‘ஃபெங்கல்’ என்று பெயர் பெற்றது, மறுநாள் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. பெயர் பெறுவதற்கு முன்னரே எங்கள் பக்கம் வெள்ளம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 28 ‘டித்வா’ தரையேறிய பிறகும் தரை மேலாகவே வடக்கு நோக்கி வந்தது. மலைநாட்டைச் சிதைத்தது காற்றல்ல, மழை.

மூன்றிலும் ஒரே பாடம். புயலா, தாழமுக்கமா என்ற பெயர் காற்றின் வேகத்துக்கு வைத்த பெயர். வெள்ளத்தைத் தீர்மானிப்பது அது எவ்வளவு மெதுவாகப் போகிறது, உங்களுக்கு எந்தப் பக்கத்தால் போகிறது என்பவை. ‘புயலாக மாறாது’ என்று வானொலியில் கேட்டதும் நிம்மதிப்படுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

பக்கம் ஏன் முக்கியம்? தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். மையம் உங்களுக்குத் தெற்கே, மட்டக்களப்புப் பக்கத்தால் போனால், கடலில் ஈரம் அள்ளிய கிழக்குக் காற்று நேரே முல்லைத்தீவுக் கரையில் மோதும். மழை அங்கேதான். அதே மையம் பருத்தித்துறைக்கு வடக்கால் போனால் எங்களுக்கு மேற்குக் காற்று, அதாவது தரையைக் கடந்து வரும் கச்சான். மழை ஒடுங்கிவிடும். முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நேர்கோட்டில் 90 கிலோமீற்றர் அளவுதான். மூன்று நாளுக்கு முன்னர் சொல்லும் பாதையில் 150 கிலோமீற்றர் பிழை வருவது சாதாரணம், ஒரு நாளுக்கு முன்னர் சொல்வதிலும் 75 அளவு பிழை இருக்கும். கோடு அவ்வளவு விலகினால் வெள்ளமும் வெயிலும் இடம் மாறிவிடும். இதில் வடக்கேயிருந்து இந்தியத் தரைக்காற்று வறட்சியாக இறங்கி மையத்துக்குள் புகுந்தால் மேகமே உதிர்ந்துபோகும். டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு பல தாழமுக்கங்கள் கரைக்கு வருமுன்னரே சாவது இதனால்தான்.

வெட்டையில் நின்று நீங்களே ஒன்று பார்க்கலாம். வீட்டுச் சுவரோ தோப்போ மறைக்காத இடத்தில் காற்றுக்கு நேரே முகம் கொடுத்து நில்லுங்கள். தாழமுக்க மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். காலையில் வடக்குக் காற்று என்றால் மையம் கிழக்கே கடலில். மதியம் அது கிழக்குக் காற்றாகத் திரும்பினால் மையம் தெற்கால் போகிறது, மழைக்கு ஆயத்தமாகுங்கள். வடமேற்காகித் தென்மேற்குக்குத் திரும்பினால் மையம் வடக்கால் போய்விட்டது. மெல்லிய காற்றில் இந்தச் சோதனை ஏமாற்றும். மரக்கிளை ஆடும் அளவுக்கு வீசினால்தான் பாருங்கள்.

கேள்வி: போனில காற்றழுத்தம் காட்டுற செயலி இருக்கு. பின்நேரம் இறங்கினால் தாழமுக்கம் வருகுது எண்டு எடுக்கலாமா?
– மல்லாவி வாசகர்

பதில்: எடுக்கக் கூடாது. எங்கள் பகுதியில் காற்றழுத்தம் கடலின் வற்றுப்பெருக்குப்போல நாளுக்கு இரண்டு தடவை தானாகவே ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம், மாலை 4, அதிகாலை 4 அளவில் அடி. இந்த ஆட்டமே 3 மில்லிபார் வரை வரும். இன்று மாலை 4 மணி எண்ணை நேற்று மாலை 4 மணி எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 மில்லிபாருக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டிய விடயம்.

கேள்வி: இரணைமடு வான்கதவு திறக்கப்போறதை லவுட்ஸ்பீக்கர் வருமுன்னம் அறிய வழி உண்டா? இங்க மழையே இல்லாத இரவிலயும் தண்ணி வருகுது.
– கண்டாவளை வாசகர்

பதில்: உங்கள் முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறிய முடியாது. குளத்தை நிரப்புவது கனகராயன் ஆறு, அது வவுனியா வடக்கிலிருந்து வருகிறது. கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் இரவு என்ன பெய்தது என்பதுதான் உங்களுக்கான செய்தி. அங்கே உறவோ பழக்கமோ இருந்தால் மாரி முடியும்வரை அந்தத் தொடர்பை விடாதீர்கள்.

கணக்கு இது. 100 சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மி.மீ. மழை என்றால் ஒரு கோடி கன மீற்றர் தண்ணீர், ஏக்கர் அடியில் 8,100. ஐப்பசியில் காய்ந்த மண்ணும் காட்டுக்குள் இருக்கிற சின்னக் குளங்களும் இதில் பெரும் பங்கைக் குடித்துவிடும். மார்கழியில் மண் ஊறி, சின்னக் குளங்கள் வான் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதே மழையில் பாதிக்கு மேல் ஆற்றில் இறங்கும். அதனால்தான் ஐப்பசியில் பயமில்லாத 100 மி.மீ. மார்கழியில் பயமாகிறது. 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியது ஒரே இரவு மழையில்.

மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்: குளத்தின் மட்டம் நிறைமட்டமான 36 அடிக்கு எவ்வளவு கிட்ட, கடந்த மூன்று நாள் மேற்பக்க மழை, அடுத்த 24 மணித்தியால அறிவிப்பு. வளிமண்டலவியல் திணைக்களம் ‘சில இடங்களில் 100 மி.மீ. இற்கு மேற்பட்ட பலத்த மழை’ என்றால் ‘சில இடங்களில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். எந்த இடம் என்று அவர்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. மட்டம் நிறைவை அண்மித்திருக்கும்போது அந்த இடம் மாங்குளமாக இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, மாட்டையும் மோட்டரையும் பகலிலேயே மேட்டுக்கு ஏற்றுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கேள்வி: வீட்டில மழை அளக்க என்ன செய்யலாம்? வாளியில அளந்தால் போதுமா?
– துணுக்காய் மாணவர்

பதில்: வாளி மேலே அகன்று கீழே ஒடுங்குவதால் கணக்குப் பிழைக்கும். 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஒன்றரை அடித் துண்டு, அடிக்கு ஒரு மூடி, ஒட்டப் பசை. இவ்வளவும் போதும். மூடியின் உட்பக்கம் குழிவாக இருக்கும், ஆகவே முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குச்சி விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். குழாய் நேராக இருப்பதால் கோட்டுக்கு மேல் ஏறிய ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஒரு மி.மீ. மழை. வாய் எவ்வளவு அகலமென்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

கட்டையில் நிமிர்த்திக் கட்டி, வாய் நிலத்திலிருந்து முழங்காலுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். தாழ இருந்தால் மண் தெறிக்கும். பக்கத்தில் 20 அடித் தென்னை நின்றால் குறைந்தது 40 அடி தள்ளி. ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு அளந்து, எழுதி, பூச்சியக் கோடுவரை வெளியே ஊற்றுங்கள். திணைக்களம் கணக்கெடுக்கும் நேரமும் அதுதான், அதனால் ஒப்பிட முடியும். ஒரு மாரி முழுக்க எழுதினால், செயலி சொன்ன மி.மீ. உங்கள் ஊரில் கூடுதலாகப் பிழைப்பது எந்தக் காற்றில் என்று உங்கள் கொப்பியே சொல்லும்.

கேள்வி: காரைக்கால் ராடாரில ஒண்டும் தெரியேல்ல, ஆனால் இங்க நல்ல மழை. ராடார் பழுதா?
– கொக்கிளாய் வாசகர்

பதில்: பழுதல்ல. காரைக்கால் உங்களுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. பூமி வளைவதால் அந்தத் தூரத்தில் ராடாரின் கதிர் 4 கிலோமீற்றர் உயரத்துக்கு மேலாகப் போகிறது. வாடைக்காலத்து மழைமேகம் பல நேரம் அவ்வளவு உயராது, கதிருக்குக் கீழேயே பெய்துவிடும். ராடாரில் நிறம் தெரிந்தால் நம்புங்கள். தெரியாவிட்டால் மழை இல்லை என்று எடுக்காதீர்கள்.

கேள்வி: தை மாதம் அறுவடை நேரம் மழை. வெட்டுறதா, பொறுக்கிறதா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: கதிரில் 80 முதல் 85 வீத மணி பொன்னிறமானால் பொறுக்காதீர்கள். முற்றிய பயிர் சாய்ந்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைவிடும். வயலை 7 முதல் 10 நாள் முன்னரே வடிய விடாவிட்டால் வெட்டு மெசின் புதையும். நல்ல வெயில் இருந்தும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எவ்வளவு வெட்டலாம் என்பதை உங்கள் காயவைக்கும் இடம் தீர்மானிக்கட்டும், மெசின்காரரின் அவசரம் அல்ல. அடுத்தடுத்த இரண்டு நாள் வெயில் என்று மாதிரி நான்கு தடவையும் ஒத்துச் சொன்னால், அந்த இரண்டு நாளில் காயக்கூடிய அளவு மட்டும் வெட்டுங்கள். நெல்லை 3 முதல் 5 சென்றிமீற்றர் தடிப்பில் பரவி, அரை மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். மாலையில் சூடு ஆறியபின் குவித்துப் படங்கால் மூடுங்கள். சுடச்சுட மூடினால் படங்கின் உட்பக்கம் வியர்த்து மேல்நெல் நனைந்துவிடும். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதானால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: 2022 மார்கழியில கன மாடுகள் குளிரில செத்துது. வன்னியில குளிருக்கு மாடு சாகுமா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: வெறும் குளிருக்கல்ல. ‘மண்டூஸ்’ புயல் வடக்கால் போன அந்த நாட்களில் குளிர்ந்த காற்றும் விடாத ஈரமும் ஒன்றாக வந்தன. வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கு மேல் கால்நடைகள் இறந்தன. காய்ந்த மயிர் மாட்டுக்குப் போர்வை. நனைந்து ஒட்டினால் அந்தப் போர்வை இல்லை, அதன்மேல் காற்றும் அடித்தால் 15 பாகையிலேயே மாடு உடற்சூட்டை இழக்கத் தொடங்கும். வெட்டையில் பட்டியடைத்த மெலிந்த மாடும் கன்றும் முதலில் போகும்.

செயலியில் மழையோடு இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே, வடக்குக் காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால், பட்டியின் வடக்கு, வடகிழக்குப் பக்கங்களைப் படங்காலோ கிடுகாலோ ஆளுயரத்துக்கு மறையுங்கள். நாலு பக்கமும் அடைக்க வேண்டாம், மூச்சும் ஈரமும் உள்ளே தேங்கும். கன்றுகளைச் சாக்கால் துடைத்து, காய்ந்த வைக்கோல் பரவிய கொட்டிலில் விடுங்கள். மாலையில் வழமையைவிடக் கூடுதலாக வைக்கோல் போடுங்கள். அது செரிக்கும்போது வரும் சூட்டில்தான் மாடு விடியும்வரை தாங்கும்.