மசத்லானில் ஒரு குளிர்காலம்: யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள்; இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். இந்தப் பனியில் இன்னொரு ஆண்டு கிடக்க முடியாது, மெக்சிக்கோவின் பசிபிக் கரையிலுள்ள மசத்லான் நகருக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிப்போம் என்று கணவர் பிடிவாதமாக நிற்கிறார். அங்கே போய்வந்தவர்களிடமும் குடியிருந்தவர்களிடமும் விசாரித்தேன். ஒருவர் சொர்க்கம் என்கிறார். இன்னொருவர் இரவில் கண்ணை மூட முடியாத இரைச்சல் என்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்த ஒருவர், ஊர் கெட்டுப்போய்விட்டது என்று திரும்பியே வந்துவிட்டார். மகளோ, அது போதைப்பொருள் கும்பல்களின் மாநிலம், போகவே கூடாது என்கிறாள். கணவர் இதற்கிடையில் வீடு வாங்குவது பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார். அவர் முழுச் சைவம் என்பது வேறு கவலை. யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விசாரித்த நால்வரில் எவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த மாதத்தில் அங்கே இருந்தார்கள், எந்தத் தெருவில் இருந்தார்கள் என்ற இரண்டையும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இவை தெரியாமல் மசத்லானைப் பற்றி எவர் சொல்வதையும் கணக்கில் எடுப்பது கடினம். நான் அங்கே ஒரு பெப்ரவரியிலும் மார்ச்சிலுமாக ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். முதல் வாரத்தில் வீட்டுக்கு எழுதியதையும் ஐந்தாம் வாரத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஊர்களைப் பற்றி இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கிறது.

முதலில் சொர்க்கம் என்றவரை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை அரிது, பகலில் மெல்லிய சட்டையே போதும், இரவில் ஒரு போர்வை இதமாக இருக்கும். ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமுள்ள மலேகோன் என்ற கடற்கரை நடைபாதையில் மாலையில் ஊரே வந்து நடக்கிறது. மேலே 157 மீற்றர் உயரக் குன்றின் உச்சியில் கலங்கரை விளக்கம் சுழல்கிறது. கூரை மட்டும் உள்ள, பக்கங்கள் திறந்த சிறிய வாடகை வண்டிகள் அங்கே ஓடுகின்றன. 1965-இல் அவை அறிமுகமானபோது, இதில் ஏறினால் காற்றடித்து நியூமோனியாதான் வரும் என்று மற்ற வாடகைக் கார்க்காரர்கள் பயணிகளைப் பயமுறுத்தினார்களாம். அந்தக் கேலியே பெயராக ஒட்டிக்கொண்டு, இன்றும் அவற்றை ‘புல்மோனியா’ (ஸ்பானிய மொழியில் நியூமோனியா) என்றே அழைக்கிறார்கள். சாரதியிடம் கட்டணத்தைப் பேசி முடித்த பிறகே ஏற வேண்டும் என்பதை நான் இரண்டு முறை ஏமாந்த பிறகு கற்றுக்கொண்டேன்.

இந்தச் சொர்க்கத்தை வருணித்தவரிடம், ஓகஸ்டில் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ரொறன்ரோவில் அல்லது அல்பேர்ட்டாவில் இருந்திருப்பார். யூலை முதல் ஒக்ரோபர் வரை அங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய வேதனை. குளித்துவிட்டுத் துவாயை எடுப்பதற்குள் மீண்டும் வியர்க்கும், குளிரூட்டி இல்லாமல் உறங்க முடியாது, மின்கட்டணம் அதற்கேற்ப ஏறும், டெங்கு நுளம்புக்கும் அதுதான் காலம். புயல்களின் காலமும் அதுவே. 2018 ஒக்ரோபரில் வில்லா என்ற சூறாவளி அந்நகரத்துக்குத் தெற்கே, அதே மாநிலத்தில்தான் கரையேறியது. ஆனால் ஏப்ரலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒன்றை இழக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: தெற்கே எஸ்குயினாப்பா பகுதியின் மாம்பழம் சந்தையில் குவிவது அவர்கள் போன பிறகுதான்.

இரைச்சல் பற்றிச் சொன்னவர் அநேகமாகப் பழைய நகரத்தில் தங்கியிருக்கிறார். மச்சாதோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள அந்தத் தெருக்கள் அழகானவை; வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் முதியவர்கள், இரும்புக் கிராதி போட்ட உயரமான சாளரங்கள், எல்லாம் உண்டு. சத்தமும் உண்டு. நான் குடியிருந்த மாடி அறைக்கு நேர் கீழே ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு பந்தா வந்து நின்றது. பந்தா என்பது அந்த மாநிலத்தின் பித்தளை இசைக்குழு; பெயருக்கேற்ற பந்தாவும் அதற்கு உண்டு. கிளாரினெற், எக்காளம், தோளில் மலைப்பாம்பாகச் சுற்றிக்கிடக்கும் தூபா, தம்போரா என்ற பெரிய முரசு, ஆளுக்கொன்றாகப் பதினைந்து பேர். தூபா ஒலித்தபோது என் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளை நடுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலையில் வீட்டுக்கார அம்மையாரிடம் முறையிட்டபோது, “நேற்று வெள்ளிதானே, சனிக்கிழமை இன்னும் வரவில்லையே” என்று மிகுந்த கனிவோடு பதில் சொன்னார்.

சிரிப்பாக இருந்தாலும், அந்த ஊருக்கு வருகிறவர்களுக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் இடையிலுள்ள உண்மையான உரசல் இதுதான். 2024-இல் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில், விருந்தினர்கள் உறங்க முடியவில்லை என்று கடற்கரை விடுதிக்காரர்கள் சிலர் முறையிட, கரையில் வாசிப்பதைக் கட்டுப்படுத்தும் பேச்சு எழுந்தது. உடனே இசைக்கலைஞர்கள் தூபாக்களோடும் முரசுகளோடும் கடற்கரைச் சாலையில் இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1938-இல் தொடங்கப்பட்ட பந்தா எல் ரெக்கோதோ என்ற புகழ்பெற்ற குழு, மசத்லானுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1898 முதல் முறைப்படி நடந்துவரும் அந்நகரத்துக் களியாட்ட விழாவை இந்த இசை இல்லாமல் கற்பனை செய்ய முடியாது. கோயிலடியில் வீடு வாங்கிவிட்டுத் திருவிழாவில் மேளம் அடிக்கிறார்கள் என்று முறையிடுவதைப் போன்றதே அந்த வெளியூர்க்காரர்களின் முறைப்பாடு. உங்களுக்கு உறக்கம் முக்கியம் என்றால் வடக்கே படகுத்துறைப் பக்கம், அல்லது அதற்கும் அப்பால் செரித்தோஸ் பக்கம் தங்குங்கள். நடந்து போய்ச் சாமான் வாங்கும் வசதி குறையும், அமைதி கூடும். களியாட்டம் வரும் பெப்ரவரி–மார்ச்சின் அந்த ஒரு வாரத்திலும், மெக்சிக்கக் குடும்பங்கள் திரண்டு வரும் புனித வாரத்திலும் எந்தப் பக்கமும் தப்ப முடியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவரின் மனக்குறை எனக்கு விளங்குகிறது, ஆனால் அதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். 2013-இல் உள்நாட்டு நகரமான துராங்கோவிலிருந்து மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளுக்கு மேலே பாலம் கட்டியும் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது; பழைய வளைவுச் சாலையில் ஆறு மணித்தியாலம் பிடித்த பயணம் அதில் பாதியளவாகக் குறைந்தது. உள்நாட்டுக் குடும்பங்கள் வார இறுதிக்கே கடலுக்கு வரத் தொடங்கின, மலேகோன் ஓரமாகத் தொடர்மாடிகள் எழுந்தன, வாடகை ஏறியது. உங்கள் நண்பருக்கு அது கெட்டுப்போன ஊர்; துராங்கோவில் கடலையே காணாமல் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அப்படி இருக்காது. அந்த ஊர் முன்பும் பலமுறை விழுந்து எழுந்திருக்கிறது. மெக்சிக்கோவின் புகழ்பெற்ற பாடகி ஆங்ஹெலா பெரால்தா 1883-இல் தம் இசை நாடகக் குழுவோடு வந்து மஞ்சள் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அவர் பெயரைத் தாங்கும் அரங்கம் 1975-இன் சூறாவளியில் சிதைந்து, 1992-இல்தான் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. 1980-களில் வந்தவர்கள் பழைய நகரத்தை இடிபாடு என்று எழுதியிருப்பார்கள், அதுவும் அன்று உண்மையே.

உங்கள் மகளின் பயத்தை மட்டும் இப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. மசத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தின் பெயரையே தாங்கிய போதைப்பொருள் அமைப்பின் தலைவர் குஸ்மான் 2014 பெப்ரவரியில் பிடிபட்டது மசத்லானின் கடற்கரைத் தொடர்மாடி ஒன்றில்தான். 2023 யனவரியில் அவருடைய மகன் மாநிலத் தலைநகரான குலியாகானில் பிடிபட்ட நாளில் மசத்லான் விமான நிலையமும் மூடப்பட்டது. 2024 செப்ரெம்பரில் அதே அமைப்பின் இரு பிரிவுகளுக்கிடையே மோதல் வெடித்தது. அதன் மையம் 200 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே உள்ள குலியாகான் என்றாலும், கொலைகளும் ஆட்கள் காணாமற்போவதும் மசத்லானையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க அரசு அந்த மாநிலத்தைப் ‘பயணம் செய்ய வேண்டாம்’ என்ற நான்காம் நிலையில் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது.

“இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை” என்று அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கடலோரமாக ஒரு கீற்றுப் பகுதிக்குள் வாழ்கிறவர்களின் உண்மை அது, காணாமற்போன மகனின் படத்தை மின்கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போகும் தாய்க்கு வேறோர் உண்மை இருக்கிறது. ஆகவே நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டாம். பயணச்சீட்டு வாங்கும் வாரத்தில் ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் ஒருமுறையும் கனடிய அரசின் பயண அறிவுறுத்தலைப் பாருங்கள். மசத்லானுக்கு அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்கும்படி அது சொன்னால் இந்தக் குளிர்காலம் போக வேண்டாம் என்பதே என் முடிவு. அப்படிப்பட்ட இடத்தில் பயணக் காப்புறுதி செல்லாமற்போகவும் கூடும். போவதென்றால் விமானத்தில் போங்கள், இரவில் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

காப்புறுதி என்றதும் ஒன்று: ஒன்ராறியோவின் சுகாதாரக் காப்புறுதி வெளிநாட்டு மருத்துவமனைச் செலவில் மிகச் சிறு பகுதியையே ஈடுசெய்யும், உங்களில் எவருக்காவது இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தால் அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பன்னிரண்டு மாதங்களில் 212 நாட்களுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக் கூடாது. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான வருமானக் குறைநிரப்புத் தொகை பெறுகிறீர்கள் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அதுவும் நின்றுவிடும்.

வீடு பற்றி: வாங்க வேண்டாம், இப்போது வேண்டாம். 1917-இன் மெக்சிக்க அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவின்படி கடற்கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வெளிநாட்டவர் நேரடியாகக் காணி வைத்திருக்க முடியாது. ஆகவே உறுதி ஒரு வங்கியின் பெயரில் இருக்கும், நீங்கள் பயன்பெறுநராக இருப்பீர்கள். ‘ஃபிதேகொமீசோ’ எனப்படும் இந்த நம்பிக்கைப் பொறுப்பு 50 ஆண்டுகளுக்கு எழுதப்படும், பின்னர் புதுப்பிக்கலாம், ஆண்டுதோறும் வங்கிக்குக் கட்டணம் உண்டு. சட்டப்படி ஒழுங்கானதுதான். ஆனால் ‘எஹிதோ’ என்ற பொதுக்காணியை மலிவு என்று காட்டி விற்க வருகிறவர்களும் இருக்கிறார்கள், நொத்தாரிசு இல்லாமல் கைக்கடிதத்தில் முடித்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு யனவரியில் ஆறு வாரம் வாடகைக்கு இருங்கள். பிறகு ஒரு செப்ரெம்பரில் இரண்டு வாரம் போய் இருங்கள். செப்ரெம்பரிலும் கணவர் வீடு வேண்டும் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இனி அவருடைய சாப்பாடு. நீங்கள் மச்சம் உண்பவர் என்றால் உங்களுக்குக் குறையே இல்லை: பழைய நகரத்தில் அக்கிலெஸ் செர்தான் தெருவில் பெண்கள் குடைகளின் கீழே வாளிகளில் பனிக்கட்டி நிரப்பி இறால் விற்கிறார்கள், பச்சை இறாலைத் தேசிக்காய்ச் சாற்றிலும் சில்தெப்பின் என்ற குண்டுமணியளவு மிளகாயிலும் ஊறவைத்துத் தரும் ‘அகுவாசீலே’யின் உறைப்பு நம் நாக்குக்கே சவாலாக இருக்கும். கணவருக்குச் சிக்கல் அவரை விதை மசியலில்தான். இறைச்சி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் போதாது. ‘சின் மான்தேகா’, கொழுப்பு இல்லாமல், என்று கேட்க வேண்டும். கோதுமைத் தோர்த்தியாவிலும் அதே கொழுப்பு பிசையப்பட்டிருக்கலாம் என்பதால், சோளத் தோர்த்தியாவாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.