கல்லூரியில் இன்குபேட்டர் இருக்க, மாணவர்கள் ஏன் கடல் தாண்டுகிறார்கள்?

*மாணவத் தொழில்முனைவோரும் அவர்களைச் சுற்றியுள்ளவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.*

கேள்வி: எங்கள் கல்லூரி இன்குபேட்டரில், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையத்தில், இடம் கிடைத்திருக்கிறது. மேசை, இணையம், வழிகாட்டி எல்லாம் இலவசம். ஆனால் என் கூட்டாளி, அதை விட்டுவிட்டு உலக அளவிலான ஸ்டார்ட்அப் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறாள். சீனியர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இது வெறும் வெளிநாட்டு மோகம்தானே?
— மூன்றாம் ஆண்டு மாணவி

மோகமும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்லித் தள்ளிவிட முடியாது. இன்குபேட்டர் தேர்வுக் குழுக்களில் வெகுகாலம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், உங்கள் கூட்டாளி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஒரு திட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமா? அதை நடத்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் இன்குபேட்டர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1959-இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில் தொடங்கியது. அங்கே விவசாய இயந்திரங்கள் செய்துவந்த பெரிய தொழிற்சாலை மூடப்பட்டு, ஊரில் பலருக்கு வேலை போனது. மன்குசோ குடும்பம் அந்தக் கட்டடத்தை வாங்கியது. முழுசாக வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. அதனால் ஜோசப் மன்குசோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு விட்டார், கூடவே ஆலோசனையும் கடன் வாங்க உதவியும் கொடுத்தார். ஊருக்கு வேலை, கட்டடத்துக்கு வாடகைதாரர், இவைதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். இன்றைக்கும் பல இன்குபேட்டர்கள் அரசு நிதியிலோ பல்கலைக்கழக நிதியிலோ ஓடுகின்றன. நிதி கொடுப்பவர் கணக்குக் கேட்பார்: எத்தனை அணிகள் சேர்ந்தன, எத்தனை பயிலரங்குகள் நடந்தன, எத்தனை வேலைகள் உருவாயின?

புதிய நிறுவனங்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கும் அமெரிக்கத் திட்டமான ஒய் காம்பினேட்டர் வேறு வகை. 2005-இல் மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. உங்கள் நிறுவனத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும், அந்தப் பங்கின் மதிப்பு ஏறினால்தான் அவர்களுக்குக் காசு. பயிலரங்கு நடத்தியதற்கு அங்கே யாரும் மார்க் போடமாட்டார்கள்.

இந்த வித்தியாசம் தேர்வு அறையிலேயே தெரியும். ஒருமுறை எங்கள் குழுவின் முன் இரண்டு மாணவர்கள் வந்தார்கள், ஆய்வகக் கருவிகளை முன்பதிவு செய்யும் மென்பொருளோடு. மடிக்கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. சில ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தவும் ஆரம்பித்திருந்தன. குழுவில் இருந்தவர்களின் கையிலோ அச்சடித்த எக்செல் தாள், மூன்றாண்டு வருவாய்க் கணிப்பு. முப்பதாவது மாதத்தில் வளர்ச்சி ஏன் குறைகிறது என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதற்கு ஒரு துணைக்கேள்வி போட்டார். பாதி நேரம் அந்த ஒரு வரியிலேயே போனது. பதில் சொல்லிக்கொண்டே அந்த மாணவர்களில் ஒருவன் மடிக்கணினியை மெல்ல மெல்ல எங்கள் பக்கம் திருப்பினான். நானும் பக்கத்தில் இருந்தவரும்தான் திரையைப் பார்த்தோம். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தாள் கோப்பில் போயாக வேண்டும், திரை கோப்பில் போகாது.

ஒய் காம்பினேட்டர் நேர்காணல் மொத்தமே பத்து நிமிடம். என்ன செய்கிறீர்கள், யார் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள், உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஐந்தாண்டுத் திட்டம் சொல்ல அங்கே நேரமே கிடையாது.

அப்புறம், கெடு. ஒய் காம்பினேட்டரில் மூன்று மாதம், முடிவில் டெமோ டே என்று பொருளைக் காட்டும் நாள், எதிரே முதலீட்டாளர்கள். கல்லூரி இன்குபேட்டரில் தேர்வு வந்தால் வேலை நிற்கும், விடுமுறை வந்தால் நிற்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாணவருக்கு இந்தச் சலுகைதான் விஷம். கூடவே சகவாசமும் இருக்கிறது. உங்கள் பக்கத்து மேசையில் இருப்பவர் போன வாரம் பத்து வாடிக்கையாளர்களைப் பிடித்தார் என்று தெரிந்தால், இந்த வாரம் நீங்கள் லோகோவின் நிறத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். என்னைக் கேட்டால், பணத்தைவிட இதற்காகத்தான் போகலாம். அந்தத் திட்டத்தில் முன்பு இருந்தவர்கள் பலர் இன்று நிறுவனம் நடத்துகிறார்கள், புதிதாக வருபவரின் பொருளை முதலில் வாங்கிப் பார்ப்பதும் பெரும்பாலும் அவர்களே.

யோசனை சரியில்லை என்றாலும் ஆளைப் பார்த்து எடுப்பது இன்னொரு காரணம். 2005-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில் இருந்தபோது ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும், செல்போன் வழியாகச் சாப்பாடு ஆர்டர் செய்யும் யோசனையோடு ஒய் காம்பினேட்டருக்குப் போனார்கள். யோசனை நிராகரிக்கப்பட்டது. மறுநாள் அழைப்பு வந்தது: அதை விட்டுவிடுங்கள், வேறு ஏதாவது செய்வதானால் வாருங்கள். அப்படிப் பிறந்ததுதான் ரெடிட் என்ற இணைய விவாதத் தளம். விண்ணப்பித்த திட்டத்தை மாற்ற மூன்று கையெழுத்து கேட்கும் இடத்தில் இது நடந்திருக்குமா?

ஆனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? உலகத்தில் எங்கிருந்தும் வாங்கக்கூடிய மென்பொருள் என்றால் கூட்டாளி சொல்வதைக் கேளுங்கள். பக்கத்து மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நேரில் போய் விற்கவேண்டிய பொருள் என்றால், அந்த இலவச மேசையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்து லட்சம் டாலர் கொடுத்து 7 சதவீதப் பங்குதான் எடுக்கிறார்களாம். இவ்வளவு தாராளமா?
— கணினி அறிவியல் மாணவர்

தாராளம்தான், ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஒய் காம்பினேட்டர் 2022 தொடக்கத்தில் அறிவித்த ஏற்பாட்டில் இரண்டு துண்டுகள் உள்ளன. 7 சதவீதத்துக்குத் தருவது 1,25,000 டாலர். மீதி 3,75,000 டாலர் தனியாக ஒரு சேஃப் ஒப்பந்தம், அதாவது பணத்தை இப்போது கொடுத்துப் பங்கைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். என்ன விலைக்குப் பங்கு என்று இப்போது முடிவு செய்வதில்லை. அடுத்து வரும் முதலீட்டாளருக்கு நீங்கள் கொடுக்கும் நிபந்தனைகளில் எது மிகச் சாதகமோ, அதுவே இதற்கும் பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுத்தவர் 1 கோடி டாலர் மதிப்பு உச்சவரம்பில் (உங்கள் நிறுவனத்தின் மதிப்பு அதிகபட்சம் இவ்வளவு என்று வைத்து), அதே வகை சேஃப் ஒப்பந்தத்தில் 10 லட்சம் டாலர் போடுகிறார். அவருக்கு 10 சதவீதம். அதே விலையில் 3,75,000 டாலருக்கு 3.75 சதவீதம். முதலில் கொடுத்த 7-ஐயும் சேர்த்தால் 20.75. மீதி 79.25-ஐ நீங்கள் இருவர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 39.6 சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னும் ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கவில்லை, முறையான முதலீட்டுச் சுற்றும் வரவில்லை. இந்தத் தாளை ஒரு முறையாவது உங்கள் கையால் எழுதிப் பாருங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இதிலும் ஒரு நன்மை உண்டு. சேஃப் ஒப்பந்தம் அவர்களே 2013-இல் கொண்டுவந்தது, மாதிரிப் படிவம் எல்லோர் பார்வைக்கும் கிடைக்கிறது, பல நாட்டு முதலீட்டாளர்களுக்கு மனப்பாடம். சில உள்ளூர் இன்குபேட்டர்கள் 2, 3 சதவீதம்தான் கேட்கும், ஆனால் அவர்களாகவே எழுதிய ஒப்பந்தத்தில். பங்கு எப்போதும் குறையக்கூடாது, அவர்கள் சம்மதம் இல்லாமல் முதலீடு வாங்கக்கூடாது என்று உள்ளே ஒரு வரி ஒளிந்திருக்கும். அடுத்த முதலீட்டாளரின் வக்கீல் அந்த வரியைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். சதவீதத்தைவிட அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

பங்கே வேண்டாத திட்டங்களும் இருக்கின்றன. பாஸ்டனில் தொடங்கிய மாஸ்சேலஞ்ச் பங்கு எடுப்பதில்லை. சிலி அரசு 2010-இல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் சிலி, வெளிநாட்டவருக்கும் பங்கு கேட்காமல் பணம் கொடுத்து அழைத்தது. மாணவர் அணிகளுக்கென்றே நடக்கும் ஹல்ட் பிரைஸ் போட்டியின் பரிசு 10 லட்சம் டாலர்.

கேள்வி: என் மகன் இறுதியாண்டுக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் சேரவேண்டும் என்கிறான். எங்கள் வீட்டில் தினமும் சண்டை. நான் என்ன சொல்ல?
— ஒரு தந்தை

ஐயா, அவன் உங்களுக்கு எடுத்துக்காட்டும் பெயர்கள் எனக்குத் தெரியும். ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாம் ஆல்ட்மன் ஸ்டான்ஃபோர்டு மாணவராக ஒய் காம்பினேட்டரின் முதல் பேட்ச்சில் சேர்ந்தார். இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் டிராப்பாக்ஸின் அரஷ் ஃபெர்டோசி எம்ஐடி படிப்பை விட்டு வந்தார். அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் தீலின் உதவித்தொகையோ படிப்பை விடுபவர்களுக்கென்றே ஏற்பட்டது. எல்லாம் உண்மை. ஒய் காம்பினேட்டர் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. மகனிடம் அதில் இருபது பெயர் சொல்லச் சொல்லுங்கள். மீதியில் மூடப்பட்டவை நிறைய.

இப்போது சண்டைக்கே அவசியமில்லாத வழி வந்துவிட்டது. படிக்கும்போதே விண்ணப்பித்து, இடத்தை உறுதி செய்துகொண்டு, பட்டம் வாங்கியபின் சேரும் வசதியை ஒய் காம்பினேட்டரே மாணவர்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் ஓராண்டு விடுப்பு எடுத்துத் திரும்பவும் முடியும். விடுப்பு எடுத்தால் கட்டணமும் உதவித்தொகையும் என்னாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது.

விசாவைப் பற்றி அவன் யோசித்திருக்கிறானா என்றும் கேளுங்கள். அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் உரிய அனுமதி இல்லாமல் தன் சொந்த நிறுவனத்தில்கூட வேலை செய்ய முடியாது. நிறுவனம் தொடங்குவது ஒன்று, அதில் வேலை செய்வது வேறொன்று. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பலர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலோ சிங்கப்பூரிலோ தாய் நிறுவனத்தைப் பதியச் சொல்வார்கள். அப்படிப் பதிந்தால் வருமானம் இருக்கிறதோ இல்லையோ, வருடா வருடம் இரண்டு நாட்டிலும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். இந்தச் செலவுக்குப் பதில் சொல்ல முடிந்தால், பையன் விவரமாகத்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழக இன்குபேட்டரின் மேலாளர். உங்களைப் போன்றவர்கள் எங்களைக் கட்டடத்துக்கு வாடகை வசூலிப்பவர்கள் போலப் பேசுகிறீர்கள். எங்களால் எந்தப் பயனும் இல்லையா?

இருக்கிறது, நிறையவே. உயிரித்தொழில்நுட்பம் செய்யும் அணிக்கு மூன்று மாதத்தில் ஒரு சோதனைகூட முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும். உங்களிடம்தான் அது இருக்கிறது. அரசுத் துறைக்கு விற்கும் அணிக்கும் உங்கள் அறிமுகம்தான் கதவைத் திறக்கும், ஒரு டெமோ டே திறக்காது.

ஆனால் மாணவர்கள் உங்களை விட்டு ஓடுவதற்கு நீங்கள் பார்க்காத காரணம் ஒன்று உண்டு. நிறுவனத்தின் வசதியைப் பயன்படுத்தி உருவான கண்டுபிடிப்பு யாருடையது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. விடுதி அறையில் எழுதிய நிரலை உங்கள் மேசையில் கொண்டுவந்து ஓட்டினால் பங்கு கேட்பார்களோ என்று மாணவர் பயப்படுகிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், உருவாக்கியவருக்கே அறிவுசார் சொத்துரிமை என்பது விதி. அங்கே ஸ்டார்ட்அப்கள் செழித்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். உங்களிடமும் அப்படி ஒரு பக்கத்தில் விதியை எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஒரு வருடம் கழித்து எனக்குக் கடிதம் போடுங்கள்.

கேள்வி: இரண்டு திட்டங்கள் நிராகரித்துவிட்டன. திரும்ப விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. டிராப்பாக்ஸின் டிரூ ஹூஸ்டனும் ஒரு முறை வேறு யோசனையோடு போய் இடம் கிடைக்காமல் திரும்பியவர்தான். ஆனால் அதே விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். இடைக்காலத்தில் ஒய் காம்பினேட்டரின் ஸ்டார்ட்அப் ஸ்கூல் இணையத்தில் இலவசம், இணை நிறுவனரைத் தேடும் வசதியும் அதில் உண்டு.

கேள்வி: "உலகளாவிய ஸ்டார்ட்அப் திட்டம்" ஒன்று எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. சேர்க்கைக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள்.

விண்ணப்பிக்காமலே தேர்வா? கட்டாதீர்கள். கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும் நேர்மையான இடங்களும் உண்டு, அவை தங்களை வகுப்பு என்றே சொல்லிக்கொள்ளும். எந்தத் திட்டமானாலும் அதில் சேர்ந்து பிறகு மூடப்பட்ட நிறுவனத்தின் நிறுவனர் ஒருவரின் தொடர்பைக் கேளுங்கள். நல்ல இடம் என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்கள்.