ஒரே ஏரி, நான்கைந்து அமைப்புகள்: சேர்ந்து வேலை செய்வது பற்றிக் கேள்வி பதில்

ஒரே நீர்நிலையில் தனித்தனியாக இயங்கும் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கைகோப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். களப்பணி, நீர்ப் பரிசோதனை, பொதுக்கணக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நான்கு அமைப்புகள் இருக்கின்றன. கூட்டமைப்பாகப் பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: முதலில் வேலை, பிறகு பதிவு. ஆறு மாதத்தில் முடியக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுங்கள். அதற்கு இரண்டு பக்க ஒப்பந்தத்தாள் போதும். என்ன வேலை, எதுவரை எல்லை, அமைப்புக்கு ஒரு பிரதிநிதியும் ஒரு மாற்றாளும் யார் யார், எந்தப் பொருளை யார் கொண்டுவருவது, செய்தியாளர்களிடம் யார் பேசுவது, எத்தனை நாள் முன்னறிவிப்போடு விலகலாம், விலகினால் பொருளும் தரவும் யாரிடம் நிற்கும். கடைசி இரண்டையும் எழுதச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறார்கள். கூட்டணி உடையும்போது சண்டை அந்த இரண்டில்தான் வருகிறது. தாளில் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்கிறோம் நாங்கள். இன்னொரு அமைப்பு 11 என்று அறிக்கை விட்டிருக்கிறது. பொய் சொல்கிறவர்களோடு எப்படிச் சேர்வது?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று கேட்டீர்களா? பாசி மண்டிய நீரில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து, பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்துக்குப் போகும். இரவில் அதே பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் சுவாசித்து, விடியலுக்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து இயல்பாகப் பிடித்துவைப்பது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். அதைத் தாண்டி 11 வந்தால் ஏரி நலம் என்று பொருளல்ல, பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். உங்கள் 2-ஐயும் அவர்கள் 11-ஐயும் பக்கத்தில் வைத்தால்தான் நோய் தெரிகிறது. தனித்தனியாக வைத்தால் வெறும் சச்சரவு.

இனி இருவரும் ஒரே முறையில் எடுங்கள். ஐந்து இடங்களைக் குறித்து, விடியலுக்கு முன் ஒரு முறை, பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு முறை. நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே, சேறு கலங்காமல், குப்பியை நீருக்குள்ளேயே நிரப்பி மூடுங்கள். உள்ளே ஒரு குமிழி தங்கினாலும் கணக்கு கெட்டுவிடும். கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறை என்றால், அந்த வேதிப்பொருளை அங்கேயே சேர்த்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் அல்ல. நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் கருவியை அன்று காலையிலேயே பிஎச் 7 உள்ள அளவுக் கரைசலிலும், அதோடு பிஎச் 4 அல்லது 10 உள்ள கரைசலிலும் சரிபாருங்கள். பத்துக்கு ஒரு மாதிரியை இரட்டையாக எடுத்து, இரு குழுவும் தனித்தனியே சோதியுங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போனால் மற்ற ஒன்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். நேரத்தைத் தாளில் எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அமைப்பு வந்து ஆகாயத்தாமரையை அள்ளுகிறது. ஆனாலும் குறையவில்லையே?

பதில்: குறையாது. உரம் மிகுந்த வெதுவெதுப்பான நீரில் அது ஒன்று முதல் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் ஐந்து பங்கு பரப்பை மிச்சம் விட்டால் 10, 20, 40, 80 என்று எட்டே வாரத்தில் ஏரி மறுபடி மூடிவிடும். ஆகவே ஞாயிறுகளைப் பங்கு போடாதீர்கள், எல்லாரும் ஒரே வாரத்தில் இறங்குங்கள். நீர் வரும் வாயில் பக்கம் தொடங்கி, மிதவைக் கயிறு கட்டி, பகுதி பகுதியாக முடித்துக்கொண்டு போங்கள். அள்ளியதை வெள்ளம் ஏறாத மேட்டில் கொட்டுங்கள். கரையோரம் விட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேயே போகும். விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்து இளஞ்செடியைப் பிடுங்க ஆள் முறை போடுங்கள். கழிவுநீர் வரத்து அடைபடாதவரை இந்த வேலைக்கு முடிவு கிடையாது.

கேள்வி: கூட்டமைப்பாகப் பதிவு செய்ய என்ன ஆவணம் வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மரம் நடும் அமைப்பிலிருந்து): ஏரிக்கரையிலும் வற்றிய ஓரங்களிலும் ஆயிரம் கன்று நடத் திட்டமிட்டோம். பறவை பார்க்கும் குழு மறுக்கிறது. அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். வற்றிய ஓரம் வெறும் தரிசு அல்ல. சின்ன உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றிலும், நாலைந்து செ.மீ. ஆழ நீரிலும்தான் இரை தேடும். மரம் எழும்பினால் வல்லூறு உட்கார இடம் கிடைக்கிறது, சுற்றுப்புறமும் மறைகிறது. அவை இறங்கவே அஞ்சும்.

கேள்வி (அதே நண்பர்): ஓரத்தை விடுங்கள். கரையில் வேர் மண்ணைப் பிடிக்கும்தானே? மரம் நடுவதே தப்பு என்பது போல இருக்கிறது உங்கள் பேச்சு.

பதில்: ஆற்றின் இயற்கையான கரையில் பிடிக்கும். ஏரியின் மண் கரை வேறு, அது ஒரு அணை. ஒரு பக்கம் நீர் அழுத்திக்கொண்டே நிற்கிறது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாய்போல் நிற்கும். நீர் அதில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு மறுபுறம் வரும். புயலில் மரம் சாய்ந்தால் கரையையே பெயர்த்துக்கொண்டு விழும். அடர்ந்த புல்தான் கரைக்குக் காப்பு. கசிவு கண்ணில் படுவதும் புல்லில்தான்.

கேள்வி (பறவைக் குழுவிலிருந்து): அப்படியானால் போன ஆண்டு அவர்கள் நட்டதைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: கூடாது! அடுத்தவர் நட்டதில் கை வைத்த அன்றே கூட்டணி முடிந்தது. இரு தரப்பும் ஒரே நாளில் போய், இளங்கன்றுகளை வேர்மண்ணோடு எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கரையில் பெரிதாகிவிட்ட மரத்தை நீங்களாக வெட்டாதீர்கள். அடிக்கட்டை மக்கினால் மேலே சொன்ன குழாய்தான். பொறியாளர் பார்த்த பிறகே எதுவும்.

கேள்வி: ஒப்பந்த மாதிரி கிடைக்குமா?

பதில்: என்னென்ன எழுத வேண்டும் என்பதை முதல் பதிலிலேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து எழுதினால் ஒரு மணி நேரம் ஆகும்.

கேள்வி: நன்கொடையை யார் கணக்கில் வாங்குவது?

பதில்: ஏற்கெனவே பதிவுள்ள, தணிக்கை முடித்த ஓர் அமைப்பின் பெயரில், தனிப் பேரேடாக. பணம் எடுக்க வெவ்வேறு அமைப்பைச் சேர்ந்த இரண்டு பேர் கையெழுத்து. அந்த அமைப்புக்கு நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே பேசி, தாளில் எழுதுங்கள்.

கேள்வி: கூடு இருக்கும் இடங்களை எல்லா அமைப்புக்கும் அனுப்பலாமா?

பதில்: எண்ணிக்கையை அனுப்புங்கள், இடத்தை அனுப்பாதீர்கள். கண்ட உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளமே அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் (ஏறக்குறைய 20 கி.மீ.) மங்கலாக்கித்தான் காட்டுகிறது.

கேள்வி: ஆலை மீது கூட்டாக வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி: ஓர் அமைப்பு கையெழுத்துப் போட்டதோடு சரி, வேலைக்கு வருவதே இல்லை. நீக்கிவிடலாமா?

பதில்: எடுத்த எடுப்பில் நீக்காதீர்கள். பொதுவளங்களை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற ஏற்பாடுகளில் கண்ட ஒரு பண்பு இது: தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். முதல் முறை நேரில் பேச்சு, இரண்டாம் முறை கூட்டக் குறிப்பில் பதிவு, மூன்றாம் முறை வாக்குரிமை நிறுத்தம். இந்தப் படிகளையும் முன்பே தாளில் எழுதுங்கள்.

கேள்வி (மரம் நடும் நண்பர்): சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் கன்றை எங்கேதான் நடுவது?

பதில்: நல்ல கேள்வி. கோடையில் ஒரு நாள், மழைக்காலத்தில் ஒரு நாள் பறவைக் குழுவோடு ஏரியைச் சுற்றி நடங்கள். வரைபடத்தில் நீர் ஏறி இறங்கும் பரப்பை நீலத்திலும், கரையை மஞ்சளிலும் தீட்டுங்கள். அந்த இரண்டிலும் மரம் வேண்டாம். கரையின் வெளிப்புற அடியிலிருந்து நன்கு தள்ளி இருக்கும் மேட்டு நிலம், பாதையோரம், வரத்து வாய்க்காலின் மேல்பகுதி ஆகியவை பச்சை. பச்சையில் ஆயிரத்துக்கு இடமில்லை என்றால் முந்நூறு நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போடுங்கள். வரைபடத்தின் அடியில் இரண்டு குழுவும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.